ஊசிச் சோதனையை நம்பலாமா?

நமது தேசத்து ஸ்திரீகளுக்கு உண்டாகும் புற்றுநோய்களுள் மார்புப் புற்றுநோயே இன்று முதலிடம் பெற்று நிற்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2022-ம் வருஷத்துக்குச் செய்த மதிப்பின்படி, அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 98,000 பேர் இதனால் மாண்டனர். அதே வருஷத்தில் உலகம் முழுவதிலும் நோய் கண்டவர்கள் சுமார் 23 லட்சம். மாண்டவர்கள் சுமார் 6,70,000. இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை புலனாகும். உலகத்தில் பத்துப் பேருக்கு நோய் கண்டால் மூவர் மாள்கின்றனர் என்ற விகிதமிருக்க, நமது தேசத்தில் பத்துக்கு ஐவர் என்ற விகிதம் இருக்கிறது. நோய் எங்கும் ஒன்றே. நோயைக் கண்டுபிடிக்கும் காலமும், கண்டுபிடித்தபின் நடந்துகொள்ளும் முறையுமே இவ்வளவு பேதத்துக்குக் காரணமாக இருக்கின்றன.

காரணங்கள் பல உண்டு. வறுமை, தூரம், கூச்சம், குடும்பத்தாரின் அசிரத்தை ஆகிய எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதித் தீர்த்துவிட முடியாது. இன்று நாம் எடுத்துக்கொள்வது அவற்றுள் ஒன்றைத்தான். மார்பில் கட்டி என்று ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால், "ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று வைத்தியர் சொல்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டவுடனே பலர் வீடு திரும்பி விடுகின்றனர். ஊசி பட்டால் புற்று உடம்பெங்கும் பரவிவிடும் என்று அண்டை வீட்டார் சொல்கின்றனர். ஊசியால் ஒன்றும் தெரியாது, கட்டியை அறுத்தெடுத்துப் பார்ப்பதே உத்தமம் என்று வேறு சிலர் சொல்கின்றனர். இன்னும் சிலரோ, ஊசிச் சோதனையில் "ஒன்றுமில்லை" என்று வந்துவிட்டால் பிரம்மாவே வந்து சொன்னதாக எண்ணிக் கட்டியை மறந்து விடுகின்றனர். இம்மூன்று அபிப்பிராயங்களும் தவறானவை. மூன்றும் உயிரைக் குடிக்கக் கூடியவை. ஆகவே, ஊசிச் சோதனையை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதைப் பொது ஜனங்கள் அறிந்திருப்பது அவசியமென்று கருதுகிறோம்.

முதலில், ஊசி என்ற ஒரே பெயரால் இரண்டு வெவ்வேறு சோதனைகள் வழங்குகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று மெல்லிய ஊசி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில உயிரணுக்களை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. நமது ஆஸ்பத்திரிகளில் எப்.என்.ஏ.ஸி. என்று இதைச் சொல்வார்கள். மற்றொன்று தடித்த ஊசி. மார்புக்கு வழக்கமாக உபயோகிக்கப்படுவது 14-ம் நம்பர் ஊசி. அதன் கனம் சுமார் 2 மில்லிமீட்டர். தோலை மரக்கச் செய்துவிட்டு, வில்விசை பொருந்திய கருவியால் இதைச் செலுத்தினால், பென்சில் முனையினும் மெல்லிய ஒரு சதைத் துணுக்கு முழுசாக வெளிவரும். இதைக் கோர் பயாப்ஸி என்கின்றனர்.

மெல்லிய ஊசிமுறை புதியதன்று. நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில் ஹேய்ஸ் மார்ட்டின், எட்வர்ட் எல்லிஸ் என்ற இருவர் 1930-ம் வருஷத்திலேயே ஊசியால் உறிஞ்சிப் புற்றை அறியும் முறையை வெளியிட்டனர். பிறகு ஸ்வீடன் தேசத்து நிபுணர்கள் அதை மேலும் திருத்தி உலகெங்கும் பரவச் செய்தனர். தடித்த ஊசியை விசைக் கருவியில் பொருத்தி, எக்ஸ்-ரே படத்தின் வழிகாட்டுதலால் மார்பில் உபயோகிக்கும் முறையை 1990-ம் வருஷத்தில் அமெரிக்கரான ஸ்டீவ் பார்க்கரும் அவர் சகாக்களும் பிரசித்தப்படுத்தினர்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நமது அச்சுக்கூடத்து உதாரணத்தாலேயே விளக்கலாம். மெல்லிய ஊசி கொண்டுவருவது, பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி அள்ளிய தனித்தனி எழுத்துக்களைப் போன்றது. எழுத்து தேய்ந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். தடித்த ஊசி கொண்டுவருவது, கோத்து முடித்த பக்கத்திலிருந்து பெயர்த்தெடுத்த ஒரு பத்தியைப் போன்றது. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்பதும் அதில் தெரியும். புற்றணுக்கள் பால்குழாய்க்குள்ளேயே அடங்கி நிற்கின்றனவா, குழாயின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே பரவிவிட்டனவா என்பது சிகிச்சைக்கு மிக முக்கியமான கேள்வி. தனித்தனி எழுத்துக்களைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. பத்தியைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எந்த மருந்து பலிக்கும் என்பதைக் காட்டும் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 ஆகிய பரீட்சைகளுக்கும் தடித்த ஊசியின் சதைத் துணுக்கே தக்கது.

இனி, நம்பத்தக்க தன்மையைப் பற்றிய கணக்குகளைப் பார்ப்போம். அமெரிக்க சர்க்காரின் சுகாதார ஆராய்ச்சி இலாகா பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2014-ம் வருஷத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. புற்று இருக்கும் 100 பெண்களுக்கு அல்ட்ராஸவுண்ட் ஸ்கானையோ எக்ஸ்-ரே படத்தையோ பார்த்துக்கொண்டே தடித்த ஊசியைச் செலுத்தினால் 97 முதல் 99 பேருக்கு அது சரியாகக் கண்டு சொல்லி விடுகிறது. ஒரு படமும் பாராமல், கையால் தடவிப் பார்த்து மட்டும் ஊசியைச் செலுத்தினால் 91 பேருக்கே கண்டு சொல்கிறது. ஒன்பது பேர் தப்பிப் போகின்றனர். கருவி ஒன்றே, கண்ணைத் திறந்துகொண்டு செலுத்துவதற்கும் கண்ணை மூடிக்கொண்டு செலுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் அது. மெல்லிய ஊசியையும் தடித்த ஊசியையும் ஒப்பிட்டு 2017-ம் வருஷத்தில் வெளியான மற்றொரு தொகுப்பில், மெல்லிய ஊசி 100-க்கு 74 பேரையும், தடித்த ஊசி 87 பேரையும் கண்டுபிடித்ததாக இருக்கிறது. ஒரு தொகுப்புக்கும் மற்றொரு தொகுப்புக்கும் எண்கள் மாறுபடுவதைக் கண்டு வாசகர்கள் மலைக்க வேண்டாம். ஊசியைப் பிடிக்கும் கை, படம் பார்க்கும் கண், துணுக்கைப் பரிசோதிக்கும் நிபுணர் ஆகிய இவர்களைப் பொறுத்தே அந்த எண் ஏறியும் இறங்கியும் நிற்கிறது. ஆனால் எல்லா ஆராய்ச்சிகளும் ஒத்துச் சொல்வது ஒன்றுண்டு. புற்று இல்லாதவளுக்குப் புற்று உண்டு என்று ஊசிச் சோதனை சொல்லிவிடுவது மிக அபூர்வம்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு யாது? ஊசி "உண்டு" என்று சொன்னால் அதை நம்பிக் காரியத்தில் இறங்கலாம். ஊசி "இல்லை" என்று சொன்னால் அதை மற்றச் சாட்சிகளோடு ஒத்துப் பார்த்தபிறகே ஏற்கலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமது முதுமொழி. ஒரே தீயில் ஒரே சீராய் வெந்த பானைக்கு அது முற்றிலும் பொருந்தும். மார்புக் கட்டி அத்தகைய பானையன்று. ஒரு பக்கம் சாதாரணச் சதை, ஒரு பக்கம் வடுப்பட்ட நார், ஒரு பக்கம் புற்று என்று அது கலந்து கிடக்கக்கூடும். வேகாத அரிசி மூலையில் இருக்க, வெந்த பருக்கை கையில் அகப்படுவது சகஜம். அகப்பட்ட பருக்கை நொய்ந்துபோனதாக இருந்தால் பானையில் நொய் உண்டென்று தீர்மானித்து விடலாம். அகப்பட்டது நல்ல பருக்கையாக இருந்தால் பானை முழுவதும் நல்லது என்று தீர்மானிக்க முடியாது.

இக்காரணத்தாலேயே வைத்திய சாஸ்திரம் மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. கையால் தொட்டுப் பார்த்த வைத்தியரின் அபிப்பிராயம் ஒன்று. மாமோகிராம், ஸ்கான் ஆகிய படங்கள் இரண்டாவது. ஊசி எடுத்த சதை மூன்றாவது. மூன்றும் "தீங்கில்லை" என்று ஒரே குரலில் சொன்னால் அப்பெண் நிம்மதியாகத் தூங்கலாம். படம் சந்தேகத்துக்கு இடமாக இருந்து, ஊசி மட்டும் "இல்லை" என்று சொன்னால், வைத்தியர் ஊசியின் சொல்லைக் கேட்டு அவளை வீட்டுக்கு அனுப்புவது தவறு. மறுபடியும் ஊசி போட வேண்டும். அல்லது கட்டியை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கைக்குத் தட்டுப்படாமல் படத்தில் சுண்ணாம்புப் பொடியைப் போல் மட்டும் தோன்றும் கேட்டுக்கு ஊசி போட்டால், எடுத்த துணுக்கையே எக்ஸ்-ரே பிடித்து, அந்தப் பொடி துணுக்கில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வராத துணுக்கைப் பரிசோதித்து "இல்லை" என்று எழுதுவதால் பயன் என்ன?

"இல்லை" என்ற சொல்லுக்கும் "போதவில்லை" என்ற சொல்லுக்கும் உள்ள வேற்றுமையையும் இங்கே வற்புறுத்த விரும்புகிறோம். ஊசியில் வந்த உயிரணுக்கள் போதா என்று நிபுணர் எழுதி அனுப்புவது உண்டு. சர்வதேச உயிரணு ஆராய்ச்சிச் சங்கத்தாரின் யோகஹாமா முறையில், மெல்லிய ஊசிச் சோதனையின் முடிவு ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. போதாதது, தீங்கற்றது, இயல்பு மாறியது, சந்தேகத்துக்குரியது, புற்று என்பவை அவை. போதாதது என்றால் சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையைக் கையில் வாங்கும் ஏழைப் பெண்ணோ, அதைப் படித்துச் சொல்லும் உறவினரோ இதை அறிவதில்லை. "புற்று என்று எழுதவில்லை, ஆகையால் புற்று இல்லை" என்று சந்தோஷப்பட்டுத் திரும்புகின்றனர். ஆறு மாதம் கழித்துக் கட்டி இரட்டித்த பிறகு வருகின்றனர். அவ்வாறு இழக்கப்படும் உயிருக்கு ஊசியின்மேல் பழி சொல்வது நியாயமாகுமா? அறிக்கையை விளங்கச் சொல்லாதவர்களையே அப்பழி சாரும்.

ஊசியை அடுத்து, மைக்ராஸ்கோப்பின் பின்னே இருக்கும் மனிதரையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 115 நோய்க்கூறு நிபுணர்களிடம் மார்புச் சதைத் துணுக்குகளைக் கொடுத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2015-ம் வருஷத்தில் வெளியாயிற்று. பரவும் புற்று என்பதில் அவர்கள் 100-க்கு 96 தடவை, தேர்ந்த நிபுணர் குழுவின் தீர்ப்போடு ஒத்துப்போயினர். குழாய்க்குள் அடங்கிய புற்றில் 84 தடவையும், தீங்கற்ற சதையில் 87 தடவையும் ஒத்துப்போயினர். ஆனால் இயல்பு மாறிய அணுக்கள் என்ற நடுத்தர வகையிலோ 48 தடவைதான் ஒற்றுமை இருந்தது. பட்டப்பகலும் நள்ளிரவும் எவருக்கும் தெரியும். அந்திப் பொழுதில்தான் கண் மயங்குகிறது. ஆகவே, நடுத்தர முடிவு வந்தால் மற்றொரு நிபுணரிடம் அதே தகட்டைக் காட்டி அபிப்பிராயம் கேட்பதை அவமதிப்பு என்று எந்த வைத்தியரும் எண்ணலாகாது. அன்றியும், குழாய்க்குள் அடங்கிய புற்று என்று ஊசி சொன்னவர்களுள் சுமார் நால்வரில் ஒருவருக்கு, சஸ்திர சிகிச்சை செய்து முழுக் கட்டியைப் பார்த்தபோது பரவும் புற்றும் இருந்ததாக 2011-ல் வெளியான தொகுப்பு ஒன்று காட்டுகிறது. ஊசி பொய் சொன்னதாக இதற்கு அர்த்தமில்லை. தான் கண்டதைச் சொல்லிற்று; காணாததை அது சொல்ல இயலாது. வைத்தியர் அந்த எல்லையை அறிந்து நடக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

இனி, ஜனங்களைப் பிடித்து ஆட்டும் பெரும் பீதிக்கு வருவோம். ஊசி பட்டால் புற்று பரவும் என்ற வதந்தி முற்றும் கற்பனையில் பிறந்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஊசி போகும் வழியில் சில புற்றணுக்கள் இடம் பெயர்ந்து கிடப்பது உண்மையே. 352 பேரைச் சோதித்து 1999-ம் வருஷத்தில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், 100-க்கு 32 பேருக்கு இவ்வாறு அணுக்கள் இடம் பெயர்ந்திருந்தன. இதை மட்டும் கேட்டால் யாருக்கும் உடல் நடுங்கும். ஆனால் அதே ஆராய்ச்சியின் மறுபாதியையும் கேட்க வேண்டும். ஊசி போட்டு 15 நாட்களுக்குள் சஸ்திர சிகிச்சை செய்தவர்களில் 100-க்கு 42 பேருக்கு அந்த அணுக்கள் காணப்பட்டன; 28 நாட்களுக்கு மேல் சென்றபின் செய்தவர்களில் 15 பேருக்கே காணப்பட்டன. நாளாக ஆக அவை பெருகவில்லை, குறைந்து மறைகின்றன. இடம் பெயர்ந்த அணு வேரூன்ற முடியாமல் மாள்கிறது என்பதே இதன் தாத்பரியம். சஸ்திர சிகிச்சையும், அதன் பின் கொடுக்கப்படும் கதிர்வீச்சும், மருந்துகளும் எஞ்சியதையும் துடைத்துவிடுகின்றன. ஊசிச் சோதனையால் ஆயுள் குறைந்தது என்று இதுவரை நிரூபணமாகவில்லை. ஊசிக்குப் பயந்து ஆறு மாதம் வீட்டிலிருந்தவளின் ஆயுள் குறைந்ததற்கோ, ஒவ்வொரு ஊரிலும் நிரூபணம் உண்டு. ஊசியால் சிறிது ரத்தக்கட்டும் வலியும் உண்டாகலாம். கடுமையான தீங்கு நூற்றில் ஒருவருக்கும் உண்டாவதில்லை.

"இவ்வளவு சந்தேகம் எதற்கு? கட்டியை முதலிலேயே அறுத்தெடுத்து விட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. சிறு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இன்றும் இவ்வாறே நடக்கிறது. இது பழைய காலத்து முறை. அதன் கதையை நமது வாசகர்கள் அறிவது நல்லது. அமெரிக்காவில் 1970-ம் ஆண்டுகள் வரை, கட்டியோடு வந்த பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கட்டியை எடுத்து, உறைய வைத்துச் சோதித்து, புற்று என்று தெரிந்தால் அவள் மயக்கம் தெளியுமுன்பே மார்பையும் எடுத்து விடுவார்கள். தனக்கு நோய் உண்டா என்பதையே அறியாமல் படுத்தவள், மார்பை இழந்து எழுந்திருப்பாள். ஜனாதிபதி போர்டின் மனைவியார் பெட்டி போர்டுக்கே 1974-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் இவ்விதமாகத்தான் சிகிச்சை நடந்தது. அதே வருஷத்தில் இந்நோய் கண்ட ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், "சோதனை வேறு, சிகிச்சை வேறு, இரண்டுக்கும் நடுவே என் சம்மதத்துக்கு இடம் வேண்டும்" என்ற நிலையில் நின்று பெருங் கிளர்ச்சி செய்தார். அமெரிக்க தேசிய சுகாதார ஸ்தாபனம் 1979-ல் கூட்டிய நிபுணர் சபையில் அவரும் அங்கத்தினராக இருந்தார். சோதனையும் சிகிச்சையும் இரண்டு படிகளாகவே நடக்க வேண்டும் என்பது அச்சபையின் முடிவாயிற்று.

ஆகவே ஊசிச் சோதனை என்பது வைத்தியரின் சௌகரியத்துக்காக ஏற்பட்டதன்று. தன் சரீரத்தைப் பற்றித் தானே யோசித்து முடிவு செய்ய ஒரு பெண்ணுக்குக் கிடைத்த அவகாசம் அது. சுதந்திரம் என்ற சொல்லைத் தேச விஷயத்தில் உச்சரித்த நாம், பெண்களின் சரீர விஷயத்திலும் அதை உச்சரிக்கத் தயங்கக் கூடாது. மேலும், முதலிலேயே அறுத்தெடுப்பதால் வேறு நஷ்டமும் உண்டு. புற்று என்று தெரியாமல் அறுப்பவர் அதன் விளிம்பு வரை சுத்தமாக எடுப்பதில்லை. மறுபடியும் கத்தி வைக்க நேரிடுகிறது. முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, மார்பை எடுக்காமலே காக்கும் வழியும் அடைபட்டுப் போகிறது. அறுத்தெடுத்த சதையைச் சோதனைக்கே அனுப்பாமல் குப்பையில் எறிந்தால், அதைவிடப் பெரிய அக்கிரமம் வேறில்லை.

மற்றொரு விஷயமும் இருக்கிறது. நமது நாட்டில் பல பெண்கள் நோய் முற்றிய பிறகே வருகின்றனர். அவர்களுக்கு முதலில் மருந்து கொடுத்துப் பிறகே சஸ்திர சிகிச்சை செய்வது வழக்கம். மருந்து நன்றாகப் பலித்துவிட்டால், சஸ்திர சிகிச்சையின்போது புற்றின் சுவடே அகப்படாமல் போவதுண்டு. அப்போது அந்த நோய் எத்தன்மையது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதற்கு உலகத்தில் எஞ்சியிருக்கும் சாட்சி, முதலில் ஊசி எடுத்த அந்தச் சிறு துணுக்கு ஒன்றே. அதைக் கெடுத்தவர் அப்பெண்ணின் வழக்கையே கெடுத்தவராவார். எடுத்த துணுக்கை ஒரு மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துப் பங்கு வீதம் சரியாகக் கலந்த பார்மலின் திரவத்தில் இட வேண்டும். ஆறு மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் அது அதில் ஊற வேண்டும் என்று அமெரிக்க நிபுணர் சங்கங்கள் விதித்திருக்கின்றன. உப்பு நீரில் போட்டு வைத்த துணுக்கு அழுகும். அளவு தவறிய திரவத்தில் நாள் கணக்கில் கிடந்த துணுக்கில் ஏற்பிகளின் பரீட்சை பொய் சொல்லும். சனிக்கிழமை எடுத்த துணுக்கு, அடுத்த புதன்கிழமை வரை ஜன்னல் ஓரத்தில் காத்திருந்தால், ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காமலே போகும். இந்நோய் கண்டவர்களுள் சுமார் ஆறில் ஒருவர், ஐந்தில் ஒருவர் என்ற அளவில் ஹெர்-2 வகையினர் இருக்கின்றனர். அவர்களுக்கென்றே தனி மருந்து உண்டு. பரீட்சை பிசகினால் அம்மருந்து அவர்களுக்கு எட்டாது.

நமது ராஜ்யத்துக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிப் பெருமையும், அதனால் ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. தமது சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு விடாமுயற்சி செய்து 1954-ம் வருஷத்தில் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-ம் வருஷத்தில் காலமான டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். பணமில்லை என்பதற்காக எவரும் சிகிச்சை இழக்கக் கூடாது என்ற கொள்கையை அவர்கள் நாட்டினர். அன்று ஒரு அம்மையார் வீடு வீடாய்ப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. இன்று சர்க்காரிடம் ஆஸ்பத்திரிகளும் உண்டு, காப்புறுதித் திட்டமும் உண்டு. 38 ஜில்லாக்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் சர்க்கார் வைத்தியக் கல்லூரிகள் இருக்கின்றன. 2022-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஒரே நாளில் பதினொரு கல்லூரிகள் திறக்கப்பட்டன. வைத்தியக் கல்லூரி என்றால் நோய்க்கூறு இலாகா இருந்தே தீர வேண்டும். ஆகவே நிபுணர் இல்லை என்று கைவிரிக்க இனி இடமில்லை. நிபுணருக்கும் ஊசிக்கும் நடுவே பாலம் இல்லை என்பதே குறை.

அந்தப் பாலத்துக்கு நாம் கூறும் யோசனைகள் பெரும் பொருட்செலவை வேண்டுபவை அல்ல. முதலாவதாக, ஒவ்வொரு ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலும் வாரத்தில் குறித்த ஒரு நாள் மார்புக் கட்டிச் சோதனை நாளாக இருக்கட்டும். கையால் பார்த்தல், படமெடுத்தல், படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி போடுதல் ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் முடியட்டும். மூன்று நாள் கூலியை இழக்க முடியாத பெண் ஒரு நாள் கூலியை இழப்பாள். இரண்டாவதாக, பெண்ணை அலைய வைக்காமல் துணுக்கை அனுப்பட்டும். பார்மலினில் இட்ட துணுக்குக்கு ஆகாரம் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். வைத்தியக் கல்லூரிக்கு அது எளிதில் பிரயாணம் செய்யும். எடுத்த நேரமும் திரவத்தில் இட்ட நேரமும் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். மூன்றாவதாக, முடிவு வருவதற்கு ஒரு காலவரையறை வேண்டும். நடுத்தர முடிவுகளை இரண்டாவது நிபுணர் பார்க்க வேண்டும் என்ற விதியும் வேண்டும். நான்காவதாக, அறிக்கையின் அடியில் தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். "புற்று உண்டு", "புற்று இல்லை", "சந்தேகம் உண்டு, மறுபடி வருக", "சதை போதவில்லை, மறுபடி வருக" என்ற நான்கில் ஒன்று போதும். ஐந்தாவதாக, படமும் ஊசியும் முரண்பட்ட பெண்களின் பெயர்களை ஒரு புஸ்தகத்தில் பதிந்து, வராதவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். வீடு தேடி ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் ஏற்பாட்டை 2021-ல் தொடங்கிய சர்க்காருக்கு இது அசாத்தியமான காரியமன்று.

இதற்கெல்லாம் பணம் ஏது என்று இலாகாக்காரர்கள் கேட்கக் கூடும். தவறான முடிவுக்குச் செலவாகும் பணத்தை அவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும் என்பதே நமது பதில். தப்பிப் போன நோய் முற்றி வந்தபின் கொடுக்கும் மருந்தும், கதிர்வீச்சும், மறு சஸ்திர சிகிச்சையும் சர்க்காரின் காப்புறுதிப் பணத்திலிருந்துதான் போகின்றன. ஊசியில் மிச்சம் பிடித்து மருந்தில் இழப்பது சிக்கனமாகாது. தாய் மாண்ட வீட்டில் குழந்தைகள் படும் கஷ்டத்தை எந்தக் கணக்குப் பிள்ளையும் ஏட்டில் எழுதுவதில்லை.

பெண்மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியது சில வார்த்தைகளே. 2019-ம் வருஷம் முதல் 2021-ம் வருஷம் வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மார்புச் சோதனை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவரும் இல்லை. இந்நிலையில், கட்டியைக் கண்டு ஆஸ்பத்திரிப் படியேறிய பெண் ஏற்கனவே பாதி தூரம் வந்துவிட்டாள். ஊசி என்ற சொல்லைக் கேட்டு அவள் திரும்பிப் போகலாகாது. ஊசி போடுமுன், "எந்த ஊசி? படத்தைப் பார்த்துப் போடுவீர்களா?" என்று அவள் கேட்கட்டும். முடிவு வந்தபின், "படமும் ஊசியும் ஒன்றையே சொல்கின்றனவா?" என்று கேட்கட்டும். அறிக்கையின் நகலையும் தகட்டையும் கேட்டு வாங்கட்டும், அவை அவளுடையவை. கட்டி இருந்துகொண்டேயிருந்தால், வளர்ந்தால், பழைய அறிக்கையில் என்ன எழுதியிருந்தபோதிலும் மறுபடியும் போகட்டும். கூடப் போகும் கணவன்மாரும் சகோதரர்களும் இக்கேள்விகளைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

ஊசிச் சோதனையை நம்பலாமா என்ற கேள்விக்கு நமது விடை இதுவே. கண்ணோடு செலுத்திய ஊசியை, ஒழுங்காகக் காத்த துணுக்கை, தேர்ந்த நிபுணர் பார்த்து, படத்தோடும் கையோடும் ஒத்துச் சொன்னால் தாராளமாக நம்பலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நம்பிக்கையும் அவ்வளவுக்குக் குறையும். இவை நான்கும் சென்னையில் பணமுள்ளவர்களுக்குக் கிடைக்கின்றன. ராமநாதபுரத்திலும் தர்மபுரியிலும் கூலி வேலை செய்யும் பெண்ணுக்கும் அவை கிடைக்குமாறு செய்வது சர்க்காரின் கடமை. சுகாதார மந்திரியும், வைத்தியக் கல்லூரிகளின் தலைவர்களும் காலதாமதமின்றி இதைக் கவனிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.